தொகையும் விரியும்: 'டார்' என்னும் பொதிசெயலியின் கட்டளைத் தொடர் பற்றிய ஒரு திறனாய்வு

ஒரு நூலைத் திறனாய்வோர் அதன் சொல்லையும் தொடரையும் நுணுகி நோக்குவர். கருவியொன்றினை அவ்வாறு நோக்கும் வழக்கம் நம்மிடையே பெரிதும் வளரவில்லை. ஆயினும் இன்று நாம் கையாளும் கருவிகளுட் சில மொழியினாலேயே இயங்குவன. விசைப்பலகையில் ஒரு தொடரைத் தட்டினால், கணினி அத்தொடருக்குத் தன் விதிப்படி பொருள்கொண்டு உடனே செயற்படும் முறையினைக் கட்டளை வரி என்பர். அங்கு ஆளப்படுவது மிகச் சிறியதொரு மொழியே. எனினும் அதற்கு வினையுண்டு; செயப்படுபொருளுண்டு; அடையுண்டு; இவற்றைப் பிரித்தறியும் இலக்கணமும் உண்டு. அவ்விலக்கணத்திற் குறையிருப்பின், கேட்கும் இயந்திரம் 'யாது கூறினீர்?' என்று திருப்பிக் கேட்பதில்லை. செய்து முடித்துவிடுகின்றது.

இக்கட்டுரை அத்தகைய கருவிகளுள் மிகப் பழையதும் மிகப் பரவலாக வழங்குவதுமாகிய 'டார்' என்னும் பொதிசெயலியை எடுத்துக்கொள்கின்றது. பல கோப்புகளை ஒன்றாகக் கட்டி ஒரு பொதியாக்குவதும், அப்பொதியை மீள அவிழ்ப்பதும் அதன் தொழில். அப்பொதியின் அமைப்பு நன்று. அதனை ஈண்டு ஆராயவில்லை. அதற்கு நாம் இடும் ஏவலை அது எவ்வாறு பகுத்து உணர்கின்றது என்பதே வினா. (அதன் கட்டளைகளில் வரும் உரோமன் எழுத்துகளை அவற்றின் ஒலிப்பெயராற் சுட்டியுள்ளோம்.)

தமிழாய்வு இதழொன்றில் இதனை எழுத வேண்டியதேன் என்ற ஐயம் நியாயமானதே. கேகாலை மாவட்டத்து அரநாயக்கவை இதற்கு விடையாகக் காட்டலாம். 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் திகதி அங்கு சாமசர மலை சரிந்தது. சிரிபுர, எலங்கப்பிட்டிய, பல்லேபாகே ஆகிய ஊர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர். அதே நாளில் அதே மாவட்டத்துப் புளத்கொஹுப்பிட்டியவில் களுபஹன தோட்டத்து லயன் குடியிருப்பும் மண்ணுள் மூழ்கியது. உயிரிழப்பின் முன் தாளிழப்பைப் பேசுதல் தகாது எனத் தோன்றலாம். ஆனால் மலையகத் தமிழர் வரலாற்றில் தாளும் உயிரும் அத்துணை எளிதிற் பிரிக்கத்தக்கன அல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தந்தை வழிப் பிறப்பினை நிறுவுமாறு கேட்டது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டம், 1946 சனவரிக்கு முன் மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் தொடர்ந்து வதிந்தமையை நிறுவுமாறு கேட்டது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் 'தாள் எங்கே?' என்பதே கேள்வியாயிற்று. பாட்டன் பெயர் பொறித்த செக்ரோல் பக்கம், தோட்டத்திற் பதிந்த பிறப்புச் சான்று, 1921இல் ஒழிக்கப்படும் வரை தொழிலாளரைத் தோட்டத்தோடு பிணித்து வைத்த 'துண்டு' என்பன பிற சமூகங்களுக்குப் பழம்பொருளாகலாம். இச்சமூகத்துக்கு அவை சான்றுகள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமைச் சிக்கலைப் பெரிதும் தீர்த்துவிட்ட பின்னரும், வரலாறு எழுதுவோனுக்கு அவையே மூலங்களாக எஞ்சுகின்றன.

ஈரமும் கறையானும் மண்சரிவும் சூழ்ந்த நிலத்தில் இத்தகைய தாள்களைப் படமெடுத்து மின்வடிவிற் காத்தல் ஒன்றே இன்று இயலக்கூடிய வழி. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தமை இவ்வுண்மையை நமக்கு முன்னரே கற்பித்தது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் அப்பாடத்தின் பயன் எனலாம். அரநாயக்கப் பகுதியில் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர், அயல் வீடுகளில் உள்ள தாள்களைக் கைப்பேசியாற் படமெடுத்து, பழைய கணினி ஒன்றிற் சேர்த்து, பொதியாக்கிக் கொழும்புக்கு அனுப்புகிறார் எனக் கொள்வோம். அவருக்கு வாய்க்கும் இலவசக் கருவிகளுள் முதன்மையானது டார். அவர் தட்டப்போகும் ஒற்றை வரியின் இலக்கணமே இங்கு ஆய்வுப்பொருள்.

டார் 1979இல் யுனிக்ஸ் முறைமையின் ஏழாம் பதிப்புடன் வெளிவந்தது. காந்த நாடாவில் கோப்புகளை எழுதிவைத்தற்கு எழுந்தமையின் 'நாடாப் பொதி' என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அதன் பெயராயிற்று. அதனினும் பழைய 'ஏஆர்' என்னும் கருவியைப் போல, ஏவலின் முதற்சொல்லை ஓர் எழுத்துக்கொத்தாகக் கொள்வது அதன் மரபு. அக்கொத்தில் 'சி' இருப்பின் பொதியை ஆக்குக என்பது பொருள். 'எக்ஸ்' இருப்பின் அவிழ்க்க. 'டி' இருப்பின் உள்ளடக்கத்தை நிரலிடுக. 'வி' செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்க என்னும். 'இசட்' சுருக்கிச் செய்க என்னும். 'எஃப்' என்பதோ, பொதியின் பெயர் வேறு ஒரு சொல்லாகப் பின்னே வருகின்றது என்பதற்குக் குறி. பிற்காலத்தில் இவ்வெழுத்துகளின் முன் சிறுகோடிட்டு எழுதும் முறையும், இரட்டைக் கோட்டின் பின் முழுச்சொல்லை எழுதும் முறையும் சேர்ந்தன. ஆகவே இன்று வழங்கும் ஜி.என்.யூ. டாரில் ஒரே ஏவலை மூவகையாற் கூறலாம்: கோடிலாக் கொத்து, கோட்டுக் கொத்து, முழுச்சொல்.

தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. உருபுகளும் உடன்படு சொற்களும் மறைந்து சொற்கள் நெருங்கி நிற்பது தொகை. மறைந்தவை வெளிப்பட நிற்பது விரி. 'தோட்டப் பதிவு' என்றவிடத்துத் தோட்டத்தினது பதிவோ, தோட்டத்தில் இருக்கும் பதிவோ, தோட்டத்தைப் பற்றிய பதிவோ, தோட்டத்திற்கு வேண்டும் பதிவோ என்று பொருள் பலவாகும். தொகைநிலைத் தொடர் இரண்டு முதலாக ஏழு பொருள் வரை மயங்கும் என நன்னூலார் எல்லை வகுத்தார். இலக்கணிகள் தொகையை வெறுத்தாரல்லர். அதன் சுருக்கத்தையும் இனிமையையும் நன்கறிந்தவர்கள். ஆனால் மயக்கம் எங்கே உண்டாகும் என்பதனையும் உடன்கூறினர். டாரின் எழுத்துக்கொத்து தொகை. முழுச்சொல் முறை விரி. டாரை இயற்றியோர் தொகையின் சுருக்கத்தை விரும்பினர். மயங்கும் இடங்களை வகுத்து அவற்றிற்குக் காப்புச் செய்தல் என்ற கடமையை அரைகுறையாகவே நிறைவேற்றினர். இதுவே அதன்மேல் நாம் வைக்கும் முதன்மைக் குற்றச்சாட்டு.

சான்று ஒன்று காண்போம். நம் ஆசிரியர் கோடில்லாமல் 'சிஎஃப்இசட்' என்று தட்டி, பொதியின் பெயரையும் படங்கள் உள்ள அடைவின் பெயரையும் அடுத்தடுத்து எழுதுகிறார். எல்லாம் செம்மையாக நடக்கும். கொத்திலுள்ள எழுத்துகளை முதலில் எண்ணி முடித்து, 'எஃப்'புக்குரிய பெயரை அடுத்த சொல்லிற் கொள்வது கோடிலா முறையின் விதி. மறுநாள், யாரோ காட்டிய வேறொரு குறிப்பைப் பார்த்து, அதே கொத்தின் முன் ஒரு சிறுகோட்டை இடுகிறார். விதி இப்போது மாறிவிடுகின்றது. கோட்டு முறையில் 'எஃப்'பை ஒட்டி நிற்கும் எதுவும் பொதியின் பெயராகும். எனவே 'இசட்' என்ற ஓரெழுத்துப் பெயருடன் ஒரு பொதி பிறக்கின்றது. அவர் பொதிக்கு என எழுதிய பெயரோ, உள்ளே இடவேண்டிய கோப்பின் பெயராகக் கொள்ளப்படும். அப்படி ஒரு கோப்பு இல்லை என்று கருவி முறையிடும். எனினும் படங்களை அந்த 'இசட்'டுக்குள் சுருக்காமலே கட்டிவைக்கும். செய்தி தோல்வியைச் சொல்கின்றது. பொதியோ அறியாத பெயரில் அங்கேயே கிடக்கின்றது. ஒரு கோடு இட்டதனால் ஒரு தொடரின் எழுவாயும் செயப்படுபொருளும் இடம்மாறிவிட்டன எனில், அம்மொழியின் புணர்ச்சி விதி எத்தகையது!

இயந்திரத்துக்கு இங்கு ஐயமே இல்லை என்பர் கருவியின் சார்பாளர். உண்மை. கோட்டு முறையின் விதி திட்டவட்டமானது. கருவியின் கையேடும் இவ்வேறுபாட்டை எடுத்துக்கூறி எச்சரிக்கின்றது. ஆனால் மயக்கம் கேட்போனிடத்து இல்லை என்பதனால் தொடர் தெளிவானதாகிவிடுமா? சொல்வோன் கருத்தும் கேட்போன் கோளும் வேறாவதே மயக்கம். இதே கருவி முழுச்சொல் முறையில் எவ்வளவு நேர்மையாக நடந்துகொள்கின்றது என்பது ஒப்புநோக்கத்தக்கது. முழுச்சொல்லின் முற்பகுதியை மட்டும் எழுதினாலும் ஏற்கும், அம்முற்பகுதி இரு சொற்களுக்குப் பொதுவாயின், 'இது இருபொருட்படுகின்றது, இவற்றுள் எது?' என்று இயலக்கூடியவற்றை வரிசைப்படுத்திக் காட்டி நின்றுவிடும். ஐயத்தை ஐயமென்று அறியும் ஆற்றல் அக்கருவிக்கு உண்டு. மிகுதியாக வழங்கும் இடத்தில் அவ்வாற்றல் பயன்படவில்லை.

எனினும் இதுவரை கண்டது தொல்லையே அன்றி அழிவன்று. அழிவு வேறோரிடத்தில் உள்ளது. ஆக்கற் கட்டளையில் 'எஃப்'பின் பின் முதலில் வருவது பொதியின் பெயர் என்றோம். நம் ஆசிரியர் அதனை எழுத மறந்துவிட்டார் எனக் கொள்க. படங்களை ஒவ்வொன்றாகப் பெயர்சொல்லி எழுதாமல், 'இங்குள்ள எல்லாப் படங்களும்' என்னும் பொருள்பட உடுக்குறியை மட்டும் இட்டுவிட்டார். இது தமிழில் கோப்புப் பெயரிடுவோருக்கு இயல்பாகவே நேரக்கூடியது. ஏவலை உரோமன் எழுத்திற் தட்டிப் பின் பெயருக்காக விசைப்பலகை அமைப்பைத் தமிழுக்கு மாற்றும் தொல்லைக்கு அஞ்சி உடுக்குறியை நாடுவோர் பலர். இப்போது உடுக்குறி விரிந்து கோப்புப் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். முதலாவது பெயரைக் கருவி பொதியின் பெயராகக் கொள்ளும். அக்கோப்பைத் திறந்து, அதிலுள்ளதை வெறுமையாக்கி, எஞ்சிய படங்களையெல்லாம் அதனுள் எழுதும். எச்சரிக்கை இல்லை, கேள்வி இல்லை. வரிசையில் முதலில் நின்ற படம் அழிந்தது. எண்ணில் தொடங்கும் பெயர்கள் இல்லையாயின், அகரத்திற் தொடங்கும் பெயரே முதலில் நிற்கும். 'அரநாயக்க' என்று தலைப்பிட்ட கோப்பு அவ்வாறு முதலில் நிற்கத்தக்கது.

மூலத்தாள் ஈரத்தில் அழிந்துவிட, படம் மட்டுமே எஞ்சியிருந்த ஒரு செக்ரோல் பக்கமாக அது இருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இங்கு நாம் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். இக்கருவி மறுக்கவே தெரியாததன்று. பொதியின் பெயரை மட்டும் எழுதி உள்ளிட வேண்டியவற்றை எழுதாது விட்டால், வெறும் பொதியை ஆக்கக் கோழைத்தனமாக மறுப்பதாகத் தானே கூறிக்கொண்டு நின்றுவிடும். வேடிக்கையாக எழுதப்பட்ட இச்செய்தி டாரின் மிகச் சிறந்த வாக்கியம் என்பது எம் கருத்து. ஆங்கில விசைப்பலகையில் அவிழ்த்தலுக்குரிய எழுத்தும் ஆக்கலுக்குரிய எழுத்தும் அடுத்தடுத்த விசைகள். அவிழ்க்க நினைத்து விரல் தவறி ஆக்கச் சொன்னவர் எத்தனை பேரின் பொதிகளை அக்கோழைத்தனம் காத்திருக்கும்! பெயரெதுவும் கூறாது பொதியின் உள்ளடக்கத்தைத் திரையிற் கொட்ட நேரும்போதும் அது மறுக்கின்றது. 'எஃப்' விடுபட்டதோ என்று குறிப்பாக வினவவும் செய்கின்றது. ஏற்கெனவே உள்ள பொதியின் இறுதியில் புதியன சேர்க்குமாறு ஏவி, நாம் சுட்டிய கோப்பு பொதியே அன்று என்றால், 'இது டார் பொதியாகத் தோன்றவில்லை' என்று நின்றுவிடுகின்றது. ஆக, ஒரு கோப்பு பொதியா அன்றா என்று தெரிந்துகொள்ளும் அறிவு அவ்வீட்டிற்குள்ளேயே உண்டு. சேர்க்கும்போது ஆராய்கின்றது, அழிக்கும்போது ஆராயவில்லை. இம்முரண்பாடே டாரின் பகுப்புமுறையில் மிகக் கடிய குறை. மேலெழுதப்படும் கோப்புக்குப் படியெடுத்து வைக்கும் தெரிவு ஒன்றும் அதில் உண்டு. ஆனால் அதை வேண்டிக் கேட்க வேண்டும்; தன் பிழையை முன்னறிந்தோன் அப்பிழையைச் செய்யவே மாட்டானாகையால், அத்தெரிவு பயன்படாத இடத்தில் நிற்கின்றது.

இனிப் பெயருக்கும் ஏவலுக்கும் இடையிலான மயக்கத்தை நோக்குவோம். தமிழில் ஏவல் ஒருமைக்குத் தனி விகுதி வேண்டுவதில்லை. பகுதியே ஏவலாக நிற்கும். ஆதலால் 'படி', 'பிடி', 'அடி', 'மலர்' என்பன பெயரோ ஏவலோ என்பதைத் தொடரே காட்டல் வேண்டும். படி என்று ஒரு தாளின் தலையில் எழுதியிருந்தால் அது நகல் என்னும் பொருளது. அதைக் கண்டு உரக்க வாசிக்கத் தொடங்குவோர் இலர். கட்டளை வரியோ அவ்வாறு தொடங்கிவிடுகின்றது. அங்கு ஒரு சொல் பெயரா ஏவலின் அடையா என்பதை அதன் முதற்குறியே தீர்மானிக்கின்றது. சிறுகோட்டிற் தொடங்கினால் தெரிவு, இன்றேல் பெயர். உடுக்குறி விரியும்போது கோட்டிற் தொடங்கும் பெயருடைய ஒரு கோப்பு அங்கிருந்தால், அப்பெயரே ஏவலாக உணரப்படும். 2014இல் லியோன் யுரானிச் என்னும் பாதுகாப்பு ஆய்வாளர், டாரில் உள்ள 'சோதனைப் புள்ளிச் செயல்' என்னும் தெரிவைக் கோப்பின் பெயராகவே இட்டு, பிறர் கணினியில் தாம் விரும்பியதைச் செய்விக்கலாம் எனக் காட்டினார். பொதியிட வேண்டிய பெயர்களை வேறொரு பட்டியற் கோப்பிலிருந்து வாசிக்கச் சொன்னாலும் இதே இடர் உண்டு. பட்டியலில் கோட்டிற் தொடங்கும் வரியைக் கருவி தெரிவு என்றே கொள்ளும். அவ்வாறு கொள்ளாதே என்று சொல்லுதற்கும் பின்னர் ஒரு தெரிவு சேர்க்கப்பட்டது. ஆனால் இயல்பு நிலை மாறவில்லை. பட்டியலிற் கோடிட்டுப் பெயர் எழுதும் வழக்கம் நம் குறிப்பேடுகளில் எவ்வளவு மிகுதி என்பதை எண்ணினால் இதன் பொருத்தம் புலனாகும்.

முக்காற்புள்ளியும் இவ்வாறே. பொதியின் பெயரில் அது வரின், அதற்கு முன்னுள்ளதை வேறொரு கணினியின் பெயராகக் கருவி கொண்டு அதனுடன் தொடர்புகொள்ள முயலும். நாடா இயக்கிகள் தொலைவில் இருந்த காலத்தின் எச்சம் இது. எடுத்த நேரத்தை முக்காற்புள்ளி இட்டுப் பெயரிடும் ஒருவர், தம் கணினி '10' என்னும் பெயருடைய கணினியைத் தேடி அலைவது ஏனென்று ஒருபோதும் அறியமாட்டார்.

தமிழ்ப் பெயர்கள் குறித்து ஒரு சொல். யூனிகோட்டின் வழக்கமான எண்முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். 'அரநாயக்க' என்னும் பெயர் எட்டுக் குறியீடுகளால் ஆனது. ஆகவே 24 பைட்டு. 'அரநாயக்க தோட்டப் பாடசாலை வரவுப் பதிவேடு 1962' என்று ஒரு கோப்புக்குப் பெயரிட்டால் அது 114 பைட்டு நீளும். 'யூஸ்டார்' எனப்படும் தரப்படுத்திய பொதி வகையில் ஒரு கோப்பின் பெயருக்கு 100 பைட்டே இடம். ஜி.என்.யூ. வகையும் பாக்ஸ் வகையும் இவ்வெல்லையைக் கடந்துவிட்டன. யூஸ்டாரை வலிந்து தெரிவுசெய்வோரோ, பெயர் நீண்டதால் கோப்பு பொதியிற் சேரவில்லை என்ற செய்தியைக் காண்பர். மொழியமைவு சரிவர இல்லாத கணினியிற் பொதியை நிரலிட்டால், அகரம் ஒன்றே '\340\256\205' என எண்களாகத் தோன்றும். இவற்றினும் நுண்ணியது 'கொ' என்னும் எழுத்தின் சிக்கல். அதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மாக் கணினியின் பழைய கோப்பமைப்பு இதனைப் பிரித்தே வைத்தது. அங்கு கட்டிய பொதியைப் பிற கணினியில் வைத்து, 'புளத்கொஹுப்பிட்டிய' என்னும் கோப்பை மட்டும் அவிழ்க்க என்று பெயர்சொல்லி ஏவினால், அப்படியொன்று பொதியில் இல்லை என்ற விடை வரலாம். கண்முன் நிரலில் அப்பெயர் நிற்கும். கருவியோ இல்லை என்னும். டார் பைட்டை ஒப்பிடுகின்றதேயன்றி எழுத்தை ஒப்பிடுவதில்லை. பிறப்புச் சான்றில் ஒருவகையும் அடையாள அட்டையில் வேறுவகையுமாகப் பெயர் எழுதப்பட்டதனால் அலுவலகந்தோறும் அலைந்த ஒரு சமூகம், இதே இடரைப் புதிய வடிவிற் சந்திக்கின்றது.

இக்குறைகளுக்கு வழமையாகக் கூறப்படும் விடை, பழமைக்கு இசைவு என்பதாகும். நாற்பதாண்டுகளுக்கு மேலாக எழுதப்பட்ட எண்ணற்ற நிரல்கள் டாரின் இயல்பை நம்பி நிற்கின்றன. மாற்றினால் அவை உடையும். இவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. மேலிருந்து திணித்த சீர்திருத்தம் என்னவாயிற்று என்பதற்கும் சான்றுண்டு. பொசிக்ஸ் தரத்தை வகுத்தோர், டாருக்கும் அதன் போட்டியான 'சிபியோ'வுக்கும் இடையிலான பூசலைத் தீர்க்க, இலத்தீனிற் சமாதானம் எனப் பொருள்படும் 'பாக்ஸ்' என்னும் பெயரிற் புதிய கருவியொன்றை 1992இல் தரப்படுத்தினர். அதன் தெரிவுகள் பொது விதிகளுக்கு இணங்க அமைந்தன. 2001இன் தரத்திலிருந்து டார் என்னும் கட்டளையே நீக்கப்பட்டது. ஆயினும் மக்கள் டாரையே வழங்கினர். பாக்ஸை அறிந்தோர் சிலரே. மொழியிலும் இதுவே நடைமுறை என்பதை நாம் அறிவோம். வழக்கு வலியது.

ஆனால் நம் இலக்கண மரபு வழக்கை ஒப்புக்கொண்ட முறை வேறு. வழாநிலை, வழு என்னும் இரண்டோடு வழுவமைதி என்னும் மூன்றாவதொன்றையும் அது வகுத்தது. பிழையேயாயினும் காரணம்பற்றி ஏற்கத்தக்கது வழுவமைதி, காரணமில்லாதது வழுவே. (மென்பொருட் குறைக்கு இன்று தமிழில் வழங்கும் சொல்லும் 'வழு' என்பதே ஆதலின் இப்பாகுபாடு இரட்டிப்பாகப் பொருந்துகின்றது.) டாரின் குறைகள் யாவும் ஒருதன்மையன அல்ல, அவற்றை ஒன்றாகக் கட்டி, 'பழமைக்கு இசைவு' என்ற ஒரே விடையால் மூடுதல் திறனாய்வுக்கு உடன்பாடன்று. கோடிலாக் கொத்தினை வழுவமைதியாகக் கொள்ளலாம். பல்லாயிரவர் கைப்பழக்கம் அதில் உள்ளது. தன்னளவில் அது யாரையும் கெடுப்பதில்லை. ஒரே எழுத்து ஆக்கும்போது ஒரு பொருளும் அவிழ்க்கும்போது வேறொரு பொருளும் தருதலும் அவ்வாறே பொறுக்கத்தக்கது. பொதியல்லாத கோப்பொன்றை வினாவாது அழித்தலோ வழு. அதனை அமைதியென்று கொள்ளுதற்கு ஒரு காரணமும் இல்லை. எந்தப் பழைய நிரலும் ஒரு படத்தின்மீதோ ஆவணத்தின்மீதோ பொதியை எழுதுவதை நம்பியிருப்பதில்லை. நேற்றைய பொதியின்மேல் இன்றைய பொதியை எழுதும் நிரல்கள் பலவுண்டு. நேற்றையது பொதியே ஆகையால் அவற்றிற்கு இடையூறில்லை.

எனவே வேண்டப்படுவது சிறியது. ஆக்குமாறு ஏவப்பட்டு, சுட்டிய பெயரில் வெறுமையல்லாத சாதாரணக் கோப்பு ஒன்று ஏற்கெனவே இருக்குமாயின், அதன் தலைப்பை மட்டும் வாசித்தல் வேண்டும். யூஸ்டார் வகைப் பொதியின் 257ஆம் பைட்டிலிருந்து அவ்வகையின் பெயரே பொறிக்கப்பட்டிருக்கும். மிகப் பழைய பொதியாயின் தலைப்பின் சரிபார்ப்புத் தொகையைக் கூட்டிப் பார்க்கலாம். சுருக்கப்பட்ட பொதிகளையோ கருவி அவிழ்க்கும்போது தானே இனங்கண்டுகொள்கின்றது. எதுவும் பொருந்தாவிடின் மறுத்தல் வேண்டும். நாடா போன்ற சாதனங்களுக்கு இவ்விதி வேண்டியதில்லை. மெய்யாகவே மேலெழுத விரும்புவோன் அதைச் சொல்லுதற்கு ஒரு முழுச்சொற் தெரிவு இருக்கட்டும்.

கோட்டுக் கொத்தில் 'எஃப்'பை ஒட்டி நிற்பது பிற தெரிவெழுத்துகளால் மட்டுமே ஆகியிருந்து, அடுத்து வரும் பெயர் பொதிக்குரிய பின்னொட்டைக் கொண்டு, அப்பெயரில் கோப்பு எதுவும் இல்லாதிருந்தால், செயலைத் தொடங்குமுன் எச்சரித்தல் தகும். பட்டியற் கோப்பிலுள்ள வரிகள் இயல்பாகவே பெயர்களாகக் கொள்ளப்படல் வேண்டும். தெரிவாகக் கொள்ள விரும்புவோனே கேட்கட்டும். இது சில நிரல்களை உடைக்கக்கூடும் என்பதை ஒப்புகின்றோம். ஆகவே ஒரு பதிப்புக்காலம் எச்சரித்து, பின்னர் மாற்றலாம். இவ்வாறு எச்சரித்து மாற்றும் வழி டாருக்குப் புதிதுமன்று. சில கோப்புகளை விலக்குக என்னும் தெரிவு, பெயர்களுக்குப் பின் எழுதப்பட்டால் பயனற்றுப்போகும் நிலை இருந்தது. அத்தகைய தெரிவுகள் இடம் நோக்கிப் பொருள்படுவன என்றும், அவற்றைத் தமக்குரிய இடத்திற்கு மாற்றுமாறும் பிற்காலப் பதிப்புகள் அறிவிக்கின்றன. பழைய நிரல்கள் அதனால் உடைந்துவிடவில்லை.

கருவி திருந்தும்வரை அரநாயக்க ஆசிரியர் என் செய்வார்? தொகையை விடுத்து விரியாகவே எழுதுவாராக. ஆக்குக என்பதை முழுச்சொல்லில் முதலில் எழுதி, பொதியின் பெயரைக் 'கோப்பு' என்னும் முழுச்சொற் தெரிவோடு சமக்குறியால் ஒட்டி, பின் உடுக்குறியைத் தனித்து இடாமல் அதன் முன் 'இவ்வடைவு' என்பதைக் குறிக்கும் புள்ளியையும் சாய்கோட்டையும் சேர்த்து எழுதினால், எந்தப் பெயரும் கோட்டிற் தொடங்காது. எந்தப் படமும் பொதியின் பெயராகாது. கட்டிய பின் 'டி' எழுத்தால் உள்ளடக்கத்தை ஒருமுறை நிரலிட்டு, எத்தனை பெயர் உண்டென எண்ணி, அடைவிலுள்ள எண்ணிக்கையோடு ஒப்பிட்ட பின்னரே தாள்களை உரியவரிடம் மீளக் கொடுத்தல் வேண்டும்.